நாலாமத்த ஆள்

அந்தச் சாமி எங்கள் ஊர்ப் பங்குக் கோயிலுக்கு வந்த புதிதில், கையில் ஒரு துண்டு ஊதாச் சாட்டின் துணியோடு என் தையல் கடைக்கு வந்தார். கோட்டாறு கடைத்தெருவில் வாங்கியதாம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வெட்டுகிற மேசையில் துணியை விரித்துக் காட்டினார்.

“மக்கா, எனக்கு ஒரு பட்டை தைச்சுத் தரணும். கோயில்ல போடுதது மாதிரி பெருசா வேண்டாம். ரண்டு விரல் அகலம் போதும். மடக்குனா சட்டப் பாக்கெட்டுல கெடக்கணும்.”

பாவசங்கீர்த்தனம் கேட்கும்போது, அதாவது ஆட்கள் தங்கள் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும்போது, சாமிமார் கழுத்தில் போட்டுக்கொள்வார்களே, அந்தப் பட்டையைத்தான் சொன்னார். அதைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு அலைகிற சாமியாரை நான் அதுவரை பார்த்ததில்லை. என் வாயும் சும்மா இருக்காது. “பாக்கெட்டுல எதுக்கு சாமி? அதுக்குன்னு கோயில்ல ஒரு கூடு செஞ்சு வச்சிருக்கே” என்றேன்.

“கூட்டுக்குள்ள வாறவன் வரட்டும். வராதவன்கிட்ட நான் போகண்டாமா?” என்று சிரித்தார். பிறகு என் கழுத்தில் தொங்கிய டேப்பைப் பார்த்தார். “உனக்கும் கழுத்துல ஒண்ணு கெடக்கு, எனக்கும் ஒண்ணு கெடக்கட்டும். ரண்டு பேருக்கும் அளவெடுக்குத வேலைதானே.”

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்துப்போனது. ஓரத்தில் சின்னதாக ஒரு சிலுவையும் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். அதைத் தைத்ததற்கு இப்போது வருத்தப்படுகிறாயா என்று சிலர் கேட்கிறார்கள். இல்லை. துணி ஒரு பாவமும் செய்யவில்லை.

அவரை எனக்குப் பிடிக்கும். பிடித்திருந்தது என்று எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம்தான், ஆனால் அது பொய். குள்ளமான உருவம், முன்வழுக்கை, சட்டையின் மேல்பொத்தான் எப்போதும் திறந்திருக்கும். சாளை மீனை முள்ளோடு மென்று தின்பார். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார், கிழவனும் மக்கா, கிழவியும் மக்கா. எவராவது முகம் வாடி எதிரே வந்தால் போதும், கை பாக்கெட்டுக்குப் போய்விடும். பட்டையை எடுத்துக் கழுத்தில் போடுவார். கண்ணை மூடுவார். வலது காதைக் கொஞ்சம் சரித்து, பட்டையின் இரண்டு முனைகளையும் இரண்டு கையால் பிடித்துக்கொள்வார். “சொல்லு மக்கா. நீயும் நானும் ஆண்டவரும். நாலாமத்த ஆளு இல்ல.”

பஸ் நிறுத்தத்தில் கேட்டிருக்கிறார். மீன் ஏலம் போடுகிற இடத்தில், கூடைகளுக்கு நடுவே குத்துக்காலிட்டுக் கேட்டிருக்கிறார். குடித்துவிட்டு மணலில் விழுந்து கிடந்தவன் பக்கத்தில் படுத்துக்கொண்டுகூடக் கேட்டார் என்று சொல்வார்கள். அதை நான் பார்க்கவில்லை, ஆனால் நம்புகிறேன்.

புயல் அடித்த வருடம் வள்ளங்கள் திரும்பி வராமல் நாங்கள் எல்லாரும் கடப்புறத்தில் உட்கார்ந்திருந்தோம். பெரிய பெரிய ஆட்கள் காரில் வந்தார்கள், நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள், போனார்கள். இவர் எங்களோடு ஈர மணலில் இருந்தார். எங்கள் தெருப் பெண் ஒருத்தி, புருஷன் கடலுக்குப் போன அன்று அவனை வாய்க்கு வந்தபடி ஏசி அனுப்பியிருந்தாள். அதை யாரிடமும் சொல்ல முடியாமல் மண்ணை அள்ளி அள்ளித் தலையில் போட்டுக்கொண்டிருந்தாள். சாமி அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டுப் பட்டையைப் போட்டார். அவள் அவர் காதில் என்னவோ சொன்னாள். அவர் அவள் தலையில் கைவைத்தார். அதற்குப் பிறகுதான் அவள் ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். அதைப் பார்த்தவர்கள் யாரும் அந்த மனிதரைக் குறை சொல்லமாட்டார்கள். நானே எத்தனையோ நாள் சொல்லாமல்தான் இருந்தேன்.

வலைத் தகராறு ஒன்றையும் சொல்ல வேண்டும். இரண்டு குடும்பங்கள், ஒருவன் வலையை மற்றவன் அறுத்தான் என்று வெட்டுக்குத்து வரை போனது. சாமி ஒருவனைத் தென்னைக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போய்ப் பட்டை போட்டுக் கேட்டார். அடுத்தவனை இந்தப் பக்கம் கூட்டிவந்து கேட்டார். அவ்வளவுதான். இரண்டு பேரும் அதைப் பற்றி அதன்பிறகு வாயே திறக்கவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதைத் திரும்ப வெளியே பேசலாமா? வலையை யார் அறுத்தது என்று இன்றுவரை ஊருக்குத் தெரியாது. ஆனால் சண்டை நின்றுபோனது. போலீஸ் இல்லாமல், கோர்ட் இல்லாமல், ரெண்டு விரல் அகலத் துணியில் காரியத்தை முடித்துவிட்டார் பாரு என்று ஊரே மெச்சியது.

அப்படித்தான் எங்கள் ஊரில் அந்த வழக்கம் வந்தது. பட்டை போட்டுச் சொன்னதைச் சாமியும் பேசக்கூடாது, சொன்னவரும் பேசக்கூடாது. இப்படி அவர் பிரசங்கத்தில் சொன்னதாக எனக்கு நினைவில்லை. இல்லை என்று திருத்தியதாகவும் நினைவில்லை. கடையில் இரண்டு பெண்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்கள். ஒருத்தி சட்டென்று, “அத விடு, அதுக்குப் பட்டை போட்டாச்சு” என்பாள். மற்றவள் உடனே வாயைப் பொத்திக்கொள்வாள். சின்னப் பிள்ளைகள் விளையாட்டில்கூட ரகசியம் சொல்வதற்கு முன் துண்டை எடுத்துக் கழுத்தில் போட ஆரம்பித்தன.

நானும் ஒரு தடவை மாட்டினேன். விடிவதற்கு முன்பே கோயில் ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுவார்கள், அது நேரே என் வீட்டு ஜன்னலைப் பார்த்து இருக்கும். சண்டை போடுகிற முடிவோடு போனேன். “சாமி, மனுசன் உறங்கண்டாமா?” என்று தொடங்கினேன். கை பாக்கெட்டுக்குப் போனது, பட்டை கழுத்துக்கு வந்தது. “சொல்லு மக்கா, மனசுல என்ன வெப்ராளம்?” பட்டையைப் பார்த்ததும் என் முட்டி தானாக மடங்கிவிட்டது, முட்டுக்குத்திவிட்டேன், சவம். கோபப்பட்டதற்கு மன்னிப்பும், பரிகாரமாக ஐந்து அருள் நிறைந்த மரியே ஜெபமும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலையில் ஒலிபெருக்கி அதே சத்தத்தில் பாடியது. புருஷனிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். சிரிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை என்று தெரிய எனக்கு நாளாயிற்று.

ஒலிபெருக்கியில் வரும் கீபோர்டை வாசிப்பவரைப் பாட்டு சார் என்று சொல்வோம். கோயில் பாடகர் குழு அவர் கையில்தான் இருந்தது. கொடியேற்று முதல் தேர் வரை திருவிழா அவர் விரலில் நடக்கும். பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கக் கோயிலுக்குப் பின்னால் ஒரு அறை இருந்தது. ஒருநாள் பார்த்தால் அந்த அறைக்குக் கதவு இல்லை. கீலோடு கழற்றி, மதிலில் சாய்த்து வைத்திருந்தார்கள். கேட்டதற்குக் கரையான் என்றார் சாமி. அது தேக்குக் கதவு. அதைத் தின்ற கரையான் வயிற்றுவலியில் செத்திருக்கும் என்று நான்தான் கிண்டல் செய்தேன்.

அதற்கு அடுத்த வருடம் என் தங்கை லீமாவின் மகள் ஜெனிஷா பாட்டுக்குச் சேர்ந்தாள். புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்குவதற்குத் தயாராகிக்கொண்டிருந்த சின்ன வயசு. லீமாவின் புருஷன் பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் வேலை. தாயும் பிள்ளையும் எங்கள் அடுத்த வீடு. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளை நேரே என் கடைக்கு வந்துவிடுவாள். மேசைக்கு அடியில் உட்கார்ந்து வெட்டுத் துணிகளைப் பொறுக்கி நிறம் நிறமாக அடுக்குவாள், அடுக்கிக்கொண்டே பாடுவாள். வாய் ஓயாது. என் வாய்தான் இவளுக்கும் வந்திருக்கிறது என்று எனக்குப் பெருமை.

அந்த வாய் ஒருநாள் ஓய்ந்தது. காய்ச்சல் என்று நினைத்தோம். பிறகு, பாட்டுக்குப் போகமாட்டேன் என்றாள். சோம்பல் என்று நினைத்தோம். ஒரு மத்தியானம் லீமா கிணற்றடியில் வைத்துத் தலைக்கு ஊற்றும்போது பிள்ளை ஏதோ சொல்லியிருக்கிறாள். லீமா ஈரச் சேலையோடு ஓடுவதை என் கடை வாசலில் இருந்து பார்த்தேன். என்னிடம்தான் வருகிறாள் என்று எழுந்தேன். அவள் என்னைத் தாண்டிக் கோயிலுக்குப் போனாள். அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. எங்கள் ஊரில் எந்தக் காரியமும் முதலில் சாமியிடம்தான் போகும். புது வள்ளம் வாங்கினாலும், விசா வந்தாலும், பிள்ளைக்கு வயிற்றுவலி என்றாலும் அங்கே போய்விட்டுத்தான் மற்ற இடம்.

திரும்பி வரும்போது நடந்து வந்தாள். கண் வீங்கியிருந்தது. கையில் ஜெபமாலை.

“என்னட்டி லீமா? பிள்ளைக்கு என்ன?”

“கேக்காத அக்கா. பட்டை போட்டாச்சு.”

“எதுக்கு பட்டை? நீ என்ன பாவம் செஞ்சா?”

“நான் ஒண்ணும் செய்யல்ல. சாமி ஆபீசுல நின்னு பேசத் தொடங்குனேன், முட்டுக்குத்தச் சொல்லிட்டு பட்டையப் போட்டாரு.”

“பின்ன எதுக்குட்டி பட்டை?”

அவள் வீட்டுக்குள் போய்ப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் கெஞ்சினேன், ஏசினேன், கையைக்கூட ஓங்கினேன். ஒரு சொல் வரவில்லை. பேசுனா சாவான பாவம், நரகம்தான் அக்கா என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். லீமா அப்படித்தான். சிறுவயதில் தவக்காலத்தில் மீன்குழம்பின் வாசனையைக்கூட மோந்து பார்க்கமாட்டாள்.

பிள்ளைதான் எனக்குக் காட்டிக்கொடுத்தாள். அன்று சாயங்காலம் மேசைக்கு அடியில் இருந்தாள். கோயில் ஒலிபெருக்கியில் கீபோர்டு தொடங்கியது. வெட்டுத் துணியை அப்படியே போட்டுவிட்டு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். நான் குனிந்து, “என்ன மக்கா?” என்றேன்.

“சார் வீட்டுக்கு இனி என்ன விடாதிய பெரியம்மை.”

“சார் வீட்டுக்கு நீ எதுக்குப் போனா?”

“தனியாப் பாடச் சொல்லிக் கூப்பிடுவாரு.”

எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. நான் அந்த மேசைக்கு அடியிலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். மிஷினில் பாதி தைத்த ஜாக்கெட் அப்படியே தொங்கியது.

தெரிந்துவிட்டது, ஆனால் என்னால் என்ன செய்ய முடியும்? பிள்ளை என்னிடம் சொன்னது இரண்டு வரி. முழுவதையும் கேட்டவள் லீமா. தாய் வாயைத் திறக்காமல் பெரியம்மை போய்ச் சொன்னால் ஊர் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். அக்கா தங்கச்சிச் சண்டை என்பார்கள், என் வாய் ஊரறிந்த வாய் என்பார்கள்.

நான் படித்த பள்ளிக்கூடத்தில் இருந்த சிஸ்டர் ஒருவர் ஓய்வுபெற்று நாகர்கோவிலில் ஒரு மடத்தில் இருக்கிறார். அவரிடம் போய், யாருக்கோ என்பதுபோல் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “பாவசங்கீர்த்தன ரகசியம் கேட்ட சாமிக்குத்தான் பிள்ளே. சொன்ன ஆளுக்கு ஒரு தடையும் கெடையாது. அவ அதை மைக் போட்டுச் சொன்னாலும் பாவம் இல்ல. நான் உனக்கு வேதபாடத்துல படிப்பிச்சேன்லா?” என்றார். படிப்பித்திருப்பார். நான் கடைசி பெஞ்சு. எழுந்து வரும்போது வாசல் வரை வந்து கையைப் பிடித்துக்கொண்டு, “நான் சொன்னேன்னு அங்க சொல்லாத, என்ன?” என்றார். யார் விஷயம் என்று அவர் கேட்கவே இல்லை.

லீமாவிடம் வந்து சொன்னேன். “சிஸ்டர் சொன்னா ஆச்சா? சாமி சொல்லட்டும். நீ பேசலாம்னு சாமி ஒரு வார்த்தை சொன்னா நான் பேசுதேன்” என்றாள்.

ஒரு வார்த்தை. அதை வாங்கிவிடலாம் என்று நம்பித்தான் போனேன். புயலன்று ஈர மணலில் உட்கார்ந்த மனிதர் அல்லவா?

சாமி வீட்டு முன்னறையில் திருவிழா நோட்டீஸ்களைக் கட்டுக் கட்டாகப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் கை பாக்கெட்டுக்குப் போனது.

“அத வெளிய எடுக்காதிய சாமி” என்றேன். “நான் பாவம் சொல்ல வரல்ல. நின்னுட்டுத்தான் பேசப்போறேன்.”

கை பாக்கெட்டிலேயே நின்றது.

“லீமாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கோ. அவ பேசலாம்னு. அவளுக்குத் தடை இல்லன்னு. வேற ஒண்ணும் வேண்டாம்.”

கண்ணை மூடிக்கொண்டார். “அத நான் சொன்னா, அவ என்கிட்ட ஏதோ சொன்னான்னு நான் ஒத்துக்கிட்ட மாதிரி ஆவுமே மக்கா. எனக்க வாயக் கட்டியிருக்கு.”

“யாரு கட்டுனா? அவ ஆபீசுல நின்னு சாதாரணமாட்டுதான் பேசத் தொடங்கியிருக்கா. அத நீங்கதானே முட்டுக்குத்த வச்சு பாவசங்கீர்த்தனமா ஆக்குனிய?”

“திருவிழா வருது மக்கா. ஊரு ரண்டாப் போவும். அவனுக்கும் பெண்டாட்டி, பிள்ளையொ உண்டு. இது கொச்சுப் பிள்ளை, நாளாவட்டத்துல மறந்துபோவும்.”

எதை மறந்துபோகும் என்று நான் கேட்கவில்லை. வாயைக் கட்டியிருக்கிறது என்று சொன்ன மனிதர் எவ்வளவு பேசுகிறார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். என் மௌனம் அவருக்குப் பொறுக்கவில்லை. எனக்கே அது புதிதுதான்.

“நான் ஒண்ணும் செய்யாமலா இருக்கேன்? அதுக்குத்தானே அந்தக் கதவையே களத்தி வச்சேன்?” என்றார்.

நோட்டீஸ் கட்டு ஒன்று சரிந்து விழுந்தது. இரண்டு பேரும் குனியவில்லை.

“கதவக் களத்துனது கழிஞ்ச வருசம்லா சாமி” என்றேன். “எனக்க பிள்ளை பாட்டுக்குச் சேந்தது இந்த வருசம்.”

அவர் பாக்கெட்டிலிருந்து பட்டையை எடுத்தார். போடவில்லை. இரண்டு கையாலும் முனைகளைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தார். அழுதார். பொய் அழுகை இல்லை, எனக்குத் தெரியும். அதுதான் எனக்குக் கூடுதல் பயமாக இருந்தது. பொய்க்காரன் என்றால் பிடித்து உலுக்கலாம். இவர் நிஜமாகவே அழுதார், நிஜமாகவே ஒன்றும் செய்யமாட்டார்.

வெளியே வந்து நடக்கும்போது ஊர் எனக்கு வேறாகத் தெரிந்தது. மீன் உலர்த்திக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தேன், குழாயடியில் நின்ற பெண்களைப் பார்த்தேன். இவர்களில் யாரோ ஒருத்தி, கதவைக் கழற்றுவதற்கு முன்னாலேயே, தன் பிள்ளைக்காகச் சாமியிடம் போய் முட்டுக்குத்தியிருக்கிறாள். ஒருத்தியா, அதற்கு மேலா? எவளும் எவளிடமும் சொல்லமாட்டாள். எல்லாரும் தினமும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறோம். கடல் பக்கத்தில் இருந்துகொண்டு காற்று போதாமல் நின்றேன்.

குழந்தைகளுக்கான உதவி எண்ணுக்குக் கூப்பிட்டேன். நாகர்கோவிலிலிருந்து ஒரு இளம்பெண் வந்தாள். ஊர் கண்ணில் படாமல் இருக்க ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தவள்போல் கடைக்கு வரச் சொன்னேன். நிதானமான பிள்ளை. லீமா சுவரோடு சுவராக நின்றாள். அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து ஜெனிஷாவோடு வெட்டுத் துணிகளை அடுக்கினாள். பச்சை எங்கே, மஞ்சள் எங்கே என்று கேட்டாள். அப்படியே, பாட்டு ஏன் பிடிக்கவில்லை என்றும் கேட்டாள்.

ஜெனிஷா தலையைத் தூக்காமல் சொன்னாள். “அத நான் மின்னாடியே சொல்லியாச்சு அக்கா.”

“யார்ட்ட சொன்ன? அம்மாட்டயா?”

“அம்மைக்கிட்ட பெறவுதான். மொதல்ல சாமிகிட்ட. புதுநன்மைக்கு மின்ன பாவம் சொல்லச் சொன்னாவல்லா, அப்ப.” மஞ்சள் துணியை மஞ்சள்மேல் வைத்தாள். “பட்டை போட்டாச்சு. இனி பேசப்பிடாது. மூணு அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னாரு. நான் சொல்லியாச்சு.”

அந்த இளம்பெண்ணுக்குப் பட்டை என்னவென்று விளங்கவில்லை. அருள் நிறைந்த மரியே எதற்கு என்றும் விளங்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் லீமாவைப் பார்த்தேன்.

லீமாவின் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை. அவள் ஓடிப்போய்ச் சொல்வதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் அவளை முட்டுக்குத்தவைத்துக் கண்ணை மூடிக் கேட்டிருக்கிறார். அதைவிட, பிள்ளைக்குப் பரிகாரம் கொடுத்திருக்கிறார். பாவம் செய்தவளுக்குக் கொடுப்பதை இவளுக்குக் கொடுத்திருக்கிறார்.

“எனக்க பிள்ளை என்ன பாவம் செஞ்சா அக்கா?” என்று லீமா என்னிடம் கேட்டாள். நான் அவளிடம் கேட்ட அதே கேள்வி. பிறகு சுவரை விட்டு வந்து தரையில் உட்கார்ந்து மகளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். “நீ பேசண்டாம் மக்கா. அம்மை சொல்லுதேன்” என்றாள். சொன்னாள். நிறுத்தாமல் சொன்னாள். சாவான பாவம் என்று நினைத்துக்கொண்டேதான் சொன்னாள் என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது. நரகத்துக்குப் போனாலும் சரி என்று தீர்மானித்து வந்த குரல் அது.

போலீஸ் வந்தது. பாட்டு சாரைக் கூட்டிப்போனார்கள். பிறகு ஜாமீனில் விட்டார்கள், கேஸ் நடக்கிறது, நாங்கள் கோர்ட்டுக்கு அலைகிறோம். சாமியிடமும் விசாரித்தார்கள். பாவசங்கீர்த்தன ரகசியம் என்றார். அதிகாரிகள் தலையை ஆட்டிவிட்டு எழுந்துபோனார்கள். லீமா ஆபீசில் நின்று பேசத் தொடங்கிய விஷயமும், கழற்றி வைத்த கதவும் யார் கணக்கிலும் வரவில்லை.

திருவிழா நடந்தது. வேறு ஊரிலிருந்து ஒருவர் வந்து கீபோர்டு வாசித்தார். ஊர்க் காரியத்தை வெளியே கொண்டுபோனவர்கள் என்று எங்கள் இரண்டு வீட்டு வாசலிலும் தேர் நிற்கவில்லை. அந்த வருடம் திருவிழாத் துணி தைக்க என் கடைக்கு ஒருவரும் வரவில்லை. மிஷின் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டு, காலையிலிருந்து மாலை வரை சும்மா உட்கார்ந்திருந்தேன். கடையைப் பூட்டிவிட்டுப் போகலாம்தான். எங்கே போவது? வீடு இங்கே, கடை இங்கே, பெற்றவர்களைப் புதைத்தது இங்கே.

அடுத்த மாற்றல் பட்டியலில் சாமிக்கும் மாற்றல் வந்தது. ஊர் அழுதது. பொன்னாடை போட்டார்கள், வேன் பிடித்துக் கொண்டுபோய் விட்டார்கள். புயலன்று மண்ணள்ளிப் போட்ட அந்தப் பெண் வேனின் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவளை நான் குறை சொல்லமாட்டேன். என் கடையைத் தாண்டும்போது சாமி என்னைப் பார்த்துக் கை கூப்பினார். எனக்கும் கண் கலங்கியது, அதற்காக என்மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

கிழக்கே ஏதோ கடற்கரைப் பங்கில் இருக்கிறாராம். துணி போடுகிற வியாபாரி சொன்னார். புதுச் சாமி நல்ல மனுசன், யார் என்ன சொன்னாலும் பொறுமையாகக் கேட்கிறார் என்று அங்கே பேசிக்கொள்கிறார்களாம்.

பெண்கள் ஒவ்வொருத்தியாக மறுபடி கடைக்கு வர ஆரம்பித்தார்கள். ஊரில் வேறு யாருக்கும் ஜாக்கெட்டுக்கு ஒழுங்காகக் கை வைக்கத் தெரியாது, அதுவும் ஒரு காரணம். போன வாரம் மத்தியானம் ஒருத்தி வந்தாள். அடுத்த தெரு. கொடி ஏறினால் பீடத்துக்குப் பூ கட்டுபவள். நர்ஸிங் படிக்கிற மகளுக்கு வெள்ளைச் சுடிதார் தைக்க வேண்டும் என்று அளவு உடை கொண்டுவந்திருந்தாள். அளவெடுத்துத் துணியில் குறி போட்டேன். வேலை முடிந்தது. அவள் போகவில்லை.

“வேற என்ன?” என்றேன்.

அவள் வாயைத் திறந்தாள். அவள் கண் என் கழுத்துக்குப் போனது. அங்கேயே நின்றது. திறந்த வாய் மூடிக்கொண்டது. கழுத்தில் டேப், இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டு.

நான் டேப்பைக் கழற்றிச் சுருட்டி மேசை டிராயருக்குள் போட்டு மூடினேன். முக்காலியை இழுத்து அவள் பக்கம் போட்டேன். கடை வாசல் கதவை அகலத் திறந்து வைத்தேன்.

“இரு. முட்டுக்குத்தண்டாம். இப்ப சொல்லு” என்றேன்.

அவள் உட்கார்ந்தாள். வாசலைப் பார்த்தாள், தெருவில் போகிறவர்களைப் பார்த்தாள். மெதுவாகச் சொன்னாள்.

“அந்தப் பாட்டறைக் கதவு இருக்குல்லா, அதக் களத்துனது எனக்க மவளுக்காக்கும்.”